சர்வரில் லோடு ஏறும்போது எங்கே பார்ப்பது?

கேள்வியின் சுருக்கம் இது: நான்கு கோர், 8 ஜி.பி. நினைவகம் கொண்ட ஒரு வி.பி.எஸ். (பெரிய இயந்திரம் ஒன்றின் பங்காகக் கிடைக்கும் மெய்நிகர்) சர்வரில் இருபது வேர்ட்பிரஸ் தளங்கள் ஓடுகின்றன. தினமும் காலை பத்து மணி அளவில் லோடு 40ஐத் தாண்டுகிறது; தளங்கள் திறக்க அரை நிமிடம் ஆகிறது; பிற்பகலில் தானாகவே தணிந்துவிடுகிறது. ரீஸ்டார்ட் செய்தால் அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு மறுபடியும் பழைய நிலைக்கே வருகிறது. ஹோஸ்டிங் தரப்பில் எட்டு கோர் திட்டத்துக்கு மாறச் சொல்கிறார்கள். மாறுவதா, வேண்டாமா?

இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் பதில். எட்டு கோர் தேவைப்படும் நாள் வரலாம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் கோர் போதவில்லை என்பதற்கான சான்று எதுவும் இல்லை. லோடு 40 என்பது மட்டும் அதற்குச் சான்று ஆகாது. அதைவிட முக்கியமாக ஒரு வேண்டுகோள்: நாளை காலை லோடு ஏறும்போது தயவுசெய்து உடனே ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். எந்தப் பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) எதற்காகக் காத்துக்கொண்டிருந்தது, எந்த டேட்டாபேஸ் கேள்வி (குவரி) முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது என்ற விவரங்கள் அந்த நேரத்தில் சர்வரின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. ரீஸ்டார்ட் செய்த நொடியில் அத்தனையும் அழிந்துபோகும். பல வாரங்களாக நீங்கள் தினமும் அழித்துக்கொண்டிருப்பது அந்தச் சான்றுகளைத்தான்.

லோடு என்ற எண் எதை அளக்கிறது என்பதில் தெளிவு இருந்தால் பாதி வேலை முடிந்தது. அது சி.பி.யூ. எத்தனை சதவீதம் உழைக்கிறது என்பதைச் சொல்வதில்லை. வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைச் சொல்கிறது. ரேஷன் கடையில் எடைத்தட்டுக்கு முன்னால் நிற்பவரையும், அவருக்குப் பின்னால் நிற்பவர்களையும், கிடங்கிலிருந்து மூட்டை வரட்டும் என்று ஓரமாக நிறுத்திவைக்கப்பட்டவர்களையும் சேர்த்து எண்ணுவதைப் போன்றது இது. மற்ற பல யூனிக்ஸ் வகைகள் முதல் இரண்டு பிரிவினரை மட்டும் எண்ணுகின்றன. லினக்ஸ் மூன்றாவது பிரிவினரையும் சேர்த்துக்கொள்கிறது. 1993 அக்டோபரில் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்) சேர்க்கப்பட்ட ஒரு சிறிய திருத்தத்திலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. அந்தத் திருத்தத்தைப் பழைய மின்னஞ்சல் காப்பகங்களில் தேடிக் கண்டெடுத்து 2017இல் விளக்கியவர் கணினிச் செயல்திறன் வல்லுநர் பிரெண்டன் கிரெக். வேகம் குறைந்த டிஸ்க்கால் சர்வர் தடுமாறும்போது லோடு எண் இறங்கிக் காட்டுவது தவறு என்பதே அந்தத் திருத்தத்தின் காரணம். எனவே லினக்ஸில் லோடு 40 என்றால், நாற்பது பிராசஸ்கள் சி.பி.யூ.வுக்காகவோ டிஸ்க்குக்காகவோ நிற்கின்றன என்பது மட்டுமே பொருள். எதற்காக என்பதை அந்த எண் சொல்லாது.

லோடு என்று சர்வர் காட்டும் மூன்று எண்களும் முறையே 1, 5, 15 நிமிடங்களுக்கு உரியவை என்றாலும், அவை நேரடிச் சராசரிகள் அல்ல. கெர்னல் ஏறக்குறைய ஐந்து நொடிக்கு ஒருமுறை வரிசையை எண்ணி, பழைய மதிப்பைச் சிறிது சிறிதாகத் தேயவிட்டுப் புதியதைச் சேர்க்கிறது. சும்மா இருக்கும் சர்வரில் நான்கு பிராசஸ்கள் இடைவிடாமல் ஓடத் தொடங்கினால், ஒரு நிமிடம் கழித்து முதல் எண் 4 என்று காட்டாது, 2.5 அளவில்தான் இருக்கும். பிரச்சினை தீர்ந்த பிறகும் எண் சற்று நேரம் உயரத்தில் நிற்பதற்கும் இதுவே காரணம். முதல் எண் மூன்றாவதைவிடப் பெரிதாக இருந்தால் நெருக்கடி வளர்கிறது, சிறிதாக இருந்தால் தணிகிறது என்ற அளவில் இவற்றைப் படித்தால் போதும்.

அடுத்து, நெருக்கடி நேரத்தில் முதலில் இயக்க வேண்டியது ‘வி.எம்.ஸ்டாட்’ (vmstat) கட்டளை என்பது என் அனுபவம். நொடிக்கு ஒரு வரி வீதம் முப்பது வரிகள் ஓடவிடுங்கள். முதல் வரி சர்வர் துவங்கியதிலிருந்து இதுவரையுள்ள சராசரி என்பதால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். இடது ஓரத்தில் ‘ஆர்’ (r), ‘பி’ (b) என்று இரண்டு பத்திகள் இருக்கும். சி.பி.யூ.வில் ஓடிக்கொண்டிருப்பவையும் அதற்காகக் காத்திருப்பவையும் ‘ஆர்’ பத்தியில் வரும். டிஸ்க் போன்றவற்றுக்காக உறைந்து நிற்பவை ‘பி’ பத்தியில் வரும். ‘ஆர்’ உங்கள் நான்கு கோர்களைவிடத் தொடர்ந்து அதிகமாக இருந்தால் அது கணக்கிடும் வேலையின் நெருக்கடி. ‘பி’ அதிகமாக இருந்தால் எத்தனை கோர் வாங்கிச் சேர்த்தாலும் பயன் இல்லை. நடுவில் உள்ள ‘எஸ்.ஐ.’ (si), ‘எஸ்.ஓ.’ (so) பத்திகள் ஸ்வாப் பகுதியிலிருந்து (நினைவகம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படுத்தும் இடத்திலிருந்து) நினைவகத்துக்கு வருவதையும் நினைவகத்திலிருந்து ஸ்வாப்புக்குப் போவதையும் காட்டுகின்றன. இவை இரண்டும் பூஜ்யமாக இல்லாமல் தொடர்ந்து எண்களைக் காட்டினால் நினைவகம் போதவில்லை.

உங்கள் சர்வரில் நான் முதலில் சந்தேகிப்பதும் நினைவகத்தைத்தான். காரணம் ரீஸ்டார்ட் கொடுக்கும் அந்த அரை மணி நேர நிம்மதி. சி.பி.யூ.தான் போதவில்லை என்றால், அதே வருகையாளர்கள் அதே நேரத்தில் வருகிறார்கள் என்பதால் ரீஸ்டார்ட் முடிந்த சில நிமிடங்களிலேயே நெருக்கடி திரும்ப வேண்டும். அரை மணி நேரம் பிடிக்கிறது என்றால் ஏதோ ஒன்று மெல்ல நிரம்புகிறது. அது பெரும்பாலும் வேர்ட்பிரஸை இயக்கும் பி.எச்.பி. மொழியின் பிராசஸ்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: இருபது தளங்களுக்கும் தனித்தனி பி.எச்.பி.-எஃப்.பி.எம். (பி.எச்.பி. பிராசஸ்களை எழுப்பி நிர்வகிக்கும் சேவை) தொகுப்பு இருந்து, ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் பத்துப் பிராசஸ்கள் என்று அமைத்திருந்தால், மொத்தம் இருநூறு பிராசஸ்கள் எழ இடம் உண்டு. பிளக்இன்கள் நிறைந்த ஒரு வேர்ட்பிரஸ் பிராசஸ் 80 எம்.பி. எடுத்துக்கொள்வது சாதாரணம். இருநூறை எண்பதால் பெருக்கினால் ஏறத்தாழ 16 ஜி.பி. வருகிறது. சில பகுதிகளைப் பிராசஸ்கள் பகிர்ந்துகொள்வதால் உண்மையான அளவு இதைவிடக் குறையும் என்றாலும், டேட்டாபேஸும் குடியிருக்கும் 8 ஜி.பி. சர்வரில் இது அடங்காது. ரீஸ்டார்ட் ஆனவுடன் பிராசஸ்கள் குறைவாகவே இருக்கும். ஒவ்வொன்றாகப் பெருகி நினைவகம் நிரம்பிய பிறகு ஸ்வாப் தொடங்கும். ஸ்வாப் டிஸ்க்கைப் பிடித்துக்கொள்ளும். டிஸ்க் தாமதமானதால் ஒவ்வொரு கோரிக்கையும் நீளும். நீண்ட கோரிக்கைகளால் இன்னும் பிராசஸ்கள் பெருகும்.

இந்தச் சுழலை உடைக்கப் பலரும் செய்வது பிராசஸ் வரம்பை உயர்த்துவது. எஃப்.பி.எம்.மின் பதிவில் வரம்பை எட்டிவிட்டதாக எச்சரிக்கை வருவதைப் பார்த்துவிட்டு, பத்தை இருபதாக்குவார்கள். நினைவகம் போதாத சர்வரில் அது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான். குறைக்க வேண்டும். இருபது சிறு தளங்கள் இருக்கும் இடத்தில், தேவைப்படும்போது மட்டும் பிராசஸை எழுப்பிப் பத்து நொடி சும்மா இருந்தால் கலைத்துவிடும் ‘ஆன்டிமாண்ட்’ (ondemand) முறை பெரும்பாலும் பொருந்தும். அதோடு, எல்லாத் தொகுப்புகளுக்கும் சேர்த்து மொத்த வரம்பு ஒன்றை எஃப்.பி.எம்.மின் பொது அமைப்பில் வைக்க முடியும். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. டேட்டாபேஸுக்கும் இயங்குதளத்துக்கும் மூன்று ஜி.பி.யை ஒதுக்கிவிட்டு, மீதியை ஒரு பிராசஸின் உண்மையான அளவால் வகுத்துப் பாருங்கள். கிடைப்பதே உங்கள் மொத்த வரம்பு. ஐம்பது, அறுபது என்றுதான் வரும். ஒரு சிலர் சில நொடிகள் வரிசையில் நிற்பது, எல்லோரும் அரை நிமிடம் நிற்பதைவிட மேல்.

இதோடு சேர்ந்த கேள்வி, ஏன் பத்து மணி? இரண்டு விடைகள் எனக்குத் தோன்றுகின்றன, இரண்டையும் எளிதாகச் சரிபார்க்கலாம். ஒன்று, பத்து மணிக்கு அலுவலகங்கள் திறக்கின்றன. இருபது தளங்களின் ஊழியர்களும் நிர்வாகப் பக்கத்தில் உள்நுழைந்து, அந்தத் தாவலைத் திறந்தபடியே வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கிறார்கள். திறந்திருக்கும் ஒவ்வொரு தாவலும் அவ்வப்போது தானாகச் சர்வரைத் தட்டும். உள்நுழைந்தவருக்குக் கேஷ் செய்த (முன்பே தயாரித்து வைத்த) பக்கம் கிடைப்பதில்லை என்பதால் ஒவ்வொரு தட்டலும் ஒரு முழு பி.எச்.பி. வேலை. இரண்டாவது விடை சர்வரின் கடிகாரம். சர்வர் அமெரிக்கக் கிழக்கு நேரத்தில் ஓடினால், கோடைக்கால நேரத்தில் அங்கே நள்ளிரவு 12.30 ஆகும்போது இந்தியாவில் காலை 10.00. யாரோ நல்லெண்ணத்தோடு ‘நள்ளிரவு’ என்று வைத்த பேக்கப், உங்கள் வாடிக்கையாளர்களின் காலை நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம். நவம்பரில் அங்கே கடிகாரம் மாறிய பிறகு நெருக்கடி பத்து மணியிலிருந்து பதினொன்றுக்கு நகர்ந்தால் சந்தேகமே வேண்டாம். ஆனால் பேக்கப் மட்டும்தான் காரணம் என்றால், ரீஸ்டார்ட்டில் அறுந்துபோன பேக்கப் அரை மணி நேரத்தில் தானாகத் திரும்ப வராது. அதனால்தான் இதை இரண்டாவதாக வைக்கிறேன். எப்படியும், நீங்கள் ரீஸ்டார்ட் செய்த நாட்களின் பேக்கப் கோப்புகள் முழுமையாக இருக்கின்றனவா என்பதை இன்றே பாருங்கள்.

‘பி’ பத்தி உயர்ந்தும் ஸ்வாப் இல்லை என்றால் டிஸ்க்கின் பக்கம் போக வேண்டும். பிராசஸ் பட்டியலை எடுத்து, நிலைப் பத்தியில் ‘டி’ (D) என்று இருப்பவற்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். இந்த நிலையில் இருக்கும் பிராசஸைக் கட்டாயமாகக் கொல்லும் கட்டளை கொடுத்தாலும் பெரும்பாலும் அசையாது. காத்திருக்கும் டிஸ்க் பதில் சொன்னால்தான் அசையும். நான் கவனித்துக்கொண்டிருந்த, டெபியன் என்ற லினக்ஸ் வகை ஓடும் ஒரு சர்வரில் இப்படி நடந்தது. லோடு வரைபடம் ரம்பத்தின் பற்களைப் போல அரை மணிக்கு ஒருமுறை எழுந்து எழுந்து விழுந்தது. சி.பி.யூ. பெரும்பாலும் சும்மா இருந்தது, நினைவகம் ஓரளவு இருந்தது, வருகையிலும் மாற்றம் இல்லை. இரண்டு நாள் குழம்பிய பிறகுதான் அந்தப் பற்கள் சரியாக ஒவ்வொரு மணியின் 9ஆம் நிமிடத்திலும் 39ஆம் நிமிடத்திலும் எழுவதைக் கவனித்தேன். டெபியனிலும் உபுண்டுவிலும் பி.எச்.பி.யின் காலாவதியான செஷன் கோப்புகளை (ஒவ்வொரு வருகையாளரையும் நினைவில் வைக்க எழுதும் சிறு கோப்புகளை) கூட்டித் தள்ளும் பணி ஓடும் நிமிடங்கள் அவைதான்.

செஷன் கோப்புறையின் விவரத்தைக் கேட்டபோது, வழக்கமாக 4,096 பைட் என்று காட்டும் இடத்தில் அந்தக் கோப்புறையின் சொந்த அளவே 60 எம்.பி.யை நெருங்கியிருந்தது; கோப்புகளின் அளவு அல்ல, பெயர்ப் பட்டியலின் அளவு மட்டும். உள்ளே ஏறத்தாழ பன்னிரண்டு லட்சம் கோப்புகள். கதை பிறகுதான் தெரிந்தது. வாங்குபவரின் கூடை ஒரு வாரம் அப்படியே இருக்கட்டும் என்று, 1,440 நொடியாக இருந்த செஷன் ஆயுளை ஏழு நாளாக மாற்றியிருந்தார் அந்தக் கடைத் தளத்தை எழுதிய நண்பர். குக்கியை ஏற்காத ஒரு தேடல் ரோபோ நொடிக்கு இரண்டு பக்கம் வீதம் தளத்தைப் படித்துக்கொண்டிருந்தது. குக்கி இல்லாததால் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு புதிய செஷன் கோப்பு பிறந்தது. நாளைக்கு 1,72,800, ஏழு நாளைக்கு 12,09,600. அவற்றை அரை மணிக்கு ஒருமுறை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து வயதை விசாரிக்கும் பணி டிஸ்க்கை அடைத்துக்கொள்ள, அதே டிஸ்க்கில் தன் செஷனைத் திறக்க வந்த உண்மையான வாடிக்கையாளர்களின் பிராசஸ்கள் ‘டி’ நிலையில் உறைந்து நின்றன. கூடையை டேட்டாபேஸுக்கு மாற்றி, பொருளைக் கூடையில் போடும்போது மட்டும் செஷன் துவங்கும்படி செய்து, பழைய கோப்புகளைக் குறைந்த முன்னுரிமையில் ஓர் இரவு முழுக்க நீக்கினோம். அந்தச் சர்வருக்கும் கூடுதல் கோர் வாங்கும் பரிந்துரை மேசையில் இருந்தது. வாங்கியிருந்தால் ஒரு பல்கூடக் குறைந்திருக்காது.

மேகக் கணிமையில் இருப்பவர்கள் டிஸ்க் விஷயத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமேசானின் பழைய ‘ஜிபி2’ (gp2) வகை டிஸ்க் ஒரு ஜி.பி.க்கு நொடிக்கு மூன்று செயல்பாடுகள் என்ற கணக்கில் வேகம் தரும், 100 ஜி.பி. டிஸ்க்குக்கு 300. பயன்படுத்தாமல் சேமித்துவைத்த கிரெடிட் (வரவு) இருக்கும் வரை 3,000 வரை பாயும். முழுக் கிரெடிட்டும் இருந்தால் ஏறக்குறைய அரை மணி நேரம் தாங்கும். தீர்ந்தவுடன் 300க்கு விழும். சி.பி.யூ.வையும் இதே கிரெடிட் முறையில் தரும் மலிவான சர்வர் வகைகள் உண்டு. ‘நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று நின்றுவிட்டது’ என்ற புகார்களில் பலவற்றுக்கு இதுவே காரணம். உங்களுடையது இத்தகைய வகையா என்பதை ஹோஸ்டிங் தரப்பிடம் கேட்டுவிடுங்கள்.

‘டாப்’ கட்டளையின் சி.பி.யூ. வரியில் கடைசியாக வரும் ‘எஸ்.டி.’ (st) என்ற எண்ணையும் பாருங்கள். உங்கள் சர்வர் ஓடத் தயாராக இருந்தும், அடியில் உள்ள இயந்திரம் அந்த நேரத்தை வேறொரு வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிட்ட விகிதம் அது. தொடர்ந்து பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் உங்கள் பக்கத்தில் திருத்த எதுவும் இல்லை. வேறு இயந்திரத்துக்கு மாற்றித் தரும்படி அந்த எண்ணோடு எழுதிக் கேளுங்கள்.

இனி ‘ஆர்’ பத்திதான் உயர்கிறது, சி.பி.யூ. உண்மையிலேயே உழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வருகையாளர்கள் பத்து மடங்கு பெருகிவிட்டார்கள் என்று முடிவு கட்ட வேண்டாம். ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த ஓர் எளிய விதி இருக்கிறது: உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை என்பது, நொடிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் இருக்கிறார் என்பதால் பெருக்கியது. நொடிக்குப் பத்துக் கோரிக்கைகள், ஒவ்வொன்றும் 0.4 நொடி என்றால் உள்ளே நான்கு பேர். அதே பத்துக் கோரிக்கைகள் நான்கு நொடி பிடித்தால் நாற்பது பேர். உங்கள் 40 இப்படியும் வந்திருக்கலாம், ஒருவர்கூடக் கூடுதலாக வராமலே.

எது நீண்டது என்பதை அறிய, வெப் சர்வரின் அணுகல் பதிவில் ஒவ்வொரு கோரிக்கையும் எடுத்துக்கொண்ட நேரமும் பதிவாக வேண்டும். அப்பாச்சியும் என்ஜின்எக்ஸும் தாமாக அதை எழுதுவதில்லை. பதிவு வடிவத்தில் ஒரு புலத்தைச் சேர்த்தால் எழுதும். இந்தப் பதிலில் நீங்கள் ஒன்றை மட்டும்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். பிறகு நெருக்கடி நேரத்துப் பதிவை எடுத்து, ஐ.பி. முகவரி வாரியாக அல்ல, பக்க முகவரி வாரியாக மொத்த நேரத்தைக் கூட்டுங்கள். தாக்குபவர்களும் ரோபோக்களும் இன்று ஆயிரக்கணக்கான முகவரிகளிலிருந்து சிதறி வருவதால் ஐ.பி. பட்டியலில் யாரும் தனித்துத் தெரிய மாட்டார்கள். ஆனால் அவர்கள் தட்டும் கதவு ஒன்றாகத்தான் இருக்கும். வேர்ட்பிரஸில் அது பெரும்பாலும் உள்நுழைவுப் பக்கம், வெளிச் செயலிகள் தளத்தோடு பேசப் பயன்படும் எக்ஸ்.எம்.எல்.-ஆர்.பி.சி. கோப்பு, தேடல் பக்கம், அல்லது கடைத் தளங்களில் நிறம், அளவு, விலை என்று வடிகட்டும் முகவரிகள். கடைசியாகச் சொன்னது கொடியது: ஐந்து வடிகட்டிகள் சேரும் விதங்களே ஆயிரக்கணக்கில் வரும்; ஒவ்வொன்றும் புதிய முகவரி என்பதால் கேஷ் உதவாது. எக்ஸ்.எம்.எல்.-ஆர்.பி.சி.யை யாரும் பயன்படுத்தவில்லை என்றால் வெப் சர்வர் மட்டத்திலேயே மூடிவிடுங்கள், பி.எச்.பி. வரை வந்து மறுக்கப்படுவதில் மிச்சம் ஒன்றும் இல்லை. வேர்ட்பிரஸின் உள்ளமைந்த கிரானையும் (குறித்த நேரத்தில் வேலைகளை இயக்கும் வசதியையும்) நிறுத்தி, சர்வரின் கிரானில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வையுங்கள். இருபது தளங்களுக்கும் ஒரே நிமிடத்தை வைக்காமல் பிரித்து வையுங்கள்.

டேட்டாபேஸில் மெதுவான கேள்விகளின் பதிவை இயக்குங்கள். மைஎஸ்கியூஎல் தானாக வைத்திருக்கும் எல்லை 10 நொடி. ஒரு வலைத்தளத்துக்கு அது மிகப் பெரிது, 1 நொடியாக்குங்கள். மைஎஸ்கியூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி, தரவை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் இடமான பஃபர் பூல் யாரும் தொடாவிட்டால் 128 எம்.பி.யிலேயே நிற்கும், இருபது தளங்களுக்கு அது போதாது, பி.எச்.பி. வரம்பைக் குறைத்து மிச்சப்பட்ட நினைவகத்தில் ஒரு ஜி.பி.யை இதற்குக் கொடுக்கலாம். பதிவில் போஸ்ட்மெட்டா (பதிவுகளின் கூடுதல் விவரங்களை வேர்ட்பிரஸ் வைக்கும்) அட்டவணையின் மதிப்புப் பத்தியில் தேடும் கேள்விகள் வந்தால், அந்தப் பத்திக்கு இன்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் குறிப்பு) இல்லாததால் முழுவதையும் வாசித்துத்தான் பதில் வருகிறது என்று அறியலாம். அதை எழுப்பும் பிளக்இன் எது என்று தேடுங்கள்.

நாளைக்கான ஏற்பாடு இது. இன்று மாலையே, சர்வரின் நிலையைத் தொடர்ந்து பதிவு செய்யும் ‘சிஸ்ஸ்டாட்’ (sysstat) தொகுப்பை நிறுவி, அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கும் பதிவை ஒரு நிமிடமாக மாற்றுங்கள். டெபியன் வகைகளில் நிறுவினால் மட்டும் போதாது, அமைப்புக் கோப்பில் இயக்கவும் வேண்டும். லோடு 8ஐத் தாண்டும் ஒவ்வொரு நிமிடமும் பிராசஸ் பட்டியல், டேட்டாபேஸில் ஓடும் கேள்விகள், எஃப்.பி.எம். நிலைப் பக்கம் ஆகிய மூன்றையும் நேரமிட்ட கோப்பில் சேமிக்கும் சிறிய ஸ்கிரிப்ட் ஒன்றைக் கிரானில் வையுங்கள். கெர்னல் 4.20 அல்லது அதற்குப் பிந்தையது என்றால், சி.பி.யூ., நினைவகம், டிஸ்க் ஒவ்வொன்றுக்காகவும் வேலைகள் எத்தனை சதவீத நேரம் தடைபட்டு நின்றன என்பதைத் தனித்தனியே சொல்லும் ‘பிரஷர்’ கோப்புகளும் இருக்கும். சில வினியோகங்களில் துவக்கத்தின்போது அதை இயக்க வேண்டும். நம் கேள்விக்கு லோடு எண்ணைவிட நேரடியான விடை அதில்தான் இருக்கிறது. காலை 9.55க்கு ‘வி.எம்.ஸ்டாட்’டை ஓடவிட்டு அமருங்கள். தளங்கள் தாங்காத நிலை வந்தால் பி.எச்.பி. சேவையை மட்டும் மறுதுவக்கம் செய்யுங்கள். முழு சர்வரையும் அல்ல.

இத்தனையும் பார்த்த பிறகு ஸ்வாப் பத்திகள் பூஜ்யமாகவும், ‘பி’ பத்தி அமைதியாகவும், ‘எஸ்.டி.’ ஒன்றுமில்லாமலும், ‘ஆர்’ மட்டும் நான்கைத் தாண்டியே நின்று, பதிவில் தெரிவது உங்கள் உண்மையான வாடிக்கையாளர்கள் திறக்கும் பக்கங்கள்தான் என்றும் ஆனால், அந்த எட்டு கோர் திட்டத்தைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.